உள்ளேன் ஐயா! சத்துவாச்சாரிக் குறளிகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேனா, ரப்பர், கிராஃப் ஷீட், தேன் மிட்டாய், அப்புறம் ஒரு கதை. சாயங்காலம் வீட்டிலிருந்து ஆள் வரும்வரை கடை வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தது. பிறகு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். கடை மெஷினிலேயே நகல் எடுத்துக் கொடுத்தேன். இப்போது அது காட்பாடி, பாகாயம் வரை போயிருக்கிறது.

ஏழாம் வகுப்புப் படிக்கும் செல்வி, அஸ்லம், தினேஷ் மூன்று பேரும் மூடி, ஒத்தச்செருப்பு, நாலணா என்ற மூன்று குறளிகளோடு சிநேகமாகிப் படும் பாடுதான் கதை. பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாகப் பெற்றோரும், கேட்கிற கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். ஒரே பதிலை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லி வாய் வலிக்கிறது. நடுவில் ஆதார் கார்டு முன்பக்கம் பின்பக்கம் வேறு எடுத்துக் கொடுக்க வேண்டும்.

குறளி என்பது நீங்கள் கண்டுபிடித்த பெயரா?

அவ்வளவு திறமை எனக்குக் கிடையாது. பழைய சொல். அகராதியைப் புரட்டினால் குட்டையாக இருந்து குறும்பு செய்யும் பிசாசு என்றும், மாய வித்தை என்றும் போட்டிருக்கும். 'குறள்' என்றால் குட்டை. திருக்குறளின் அடி குட்டை என்பதால் அதற்கு அந்தப் பெயர். இதற்கு ஆளே குட்டை. சந்தையில் கூட்டம் சேர்த்து, மாங்கொட்டையை மண்ணில் புதைத்து, கூடையால் மூடி, திறந்தால் செடி நிற்கும் வித்தை உண்டே, அதற்குக் குறளி வித்தை என்றுதான் பெயர். சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு, கூடைக்குள் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நம்பி, வித்தைக்காரர் பின்னாலேயே அரை மைல் நடந்துபோனேன். ஆயா விளக்குமாற்றோடு வந்து இட்டுக்கொண்டு போனாள்.

உருவத்துக்கு மாதிரி சிவன் கோயில்களில் இருக்கிறது. விமானத்தின் கீழே வரிசையாகப் பூதகணங்கள் குந்தியிருக்கும். பானை வயிறு, பிதுங்கிய கண், ஒன்று மத்தளம் தட்டும், ஒன்று பல்லை இளிக்கும். சிற்பிகள் அதைப் பூதவரி என்பார்கள். அந்த வரிசையிலிருந்து ஒன்று இறங்கி வந்து, சத்துணவு வரிசையில் நின்றால் எப்படியிருக்கும்? அதுதான் குறளி. உயரம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவு.

கண்ணுக்குத் தெரியுமா?

உடம்பு தெரியாது. நிழல் தெரியும்.

இந்த விதியை எனக்குக் கொடுத்தது வேலூர் வெயில். மே மாதம் எங்கள் ஊரில் நின்று பாருங்கள், ஆளைவிட நிழல் அழுத்தமாக இருக்கும். அதனால் காலையிலும் மாலையிலும் குறளி வெளியே வந்தால் மாட்டிக்கொள்ளும்: ஆளில்லாத இடத்தில் பானை வயிறு நிழல் மட்டும் ஓடும். உச்சிவேளையில் நிழல் காலடியில் சுருங்கிவிடுவதால் அப்போதுதான் அவற்றின் சேட்டை அதிகம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் முட்டை காணாமல் போவது இதனால்தான்.

வருடத்தில் இரண்டு நாள் சூரியன் சரியாக நம் உச்சந்தலைக்கு மேலே வருகிறது. வேலூருக்கு அது ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் வரும். நேராக நட்ட குச்சிக்கு அந்த நேரம் நிழலே விழாது. நிழலில்லா நாள் என்று அறிவியல் ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அது கதையல்ல, நிஜம். மணி பன்னிரண்டேகால் சுமாருக்கு ஒரு தண்ணீர் பாட்டிலை வெயிலில் வைத்து நீங்களே பார்க்கலாம். குறளிகளுக்கு அதுதான் தீபாவளி. ஏப்ரலில் பரீட்சை, லீவு என்று பள்ளி வெறிச்சோடிவிடும். ஆகையால் பெரிய விழா ஆகஸ்டில். ஏழாம் அத்தியாயம் முழுக்க அந்த ஒரு மதியம்தான். மைதானத்தில் அறிவியல் சார் குச்சியை நட்டு, "பாருங்க பிள்ளைங்களா, நிழல் இல்லை" என்று சொல்லி முடிப்பதற்குள் குச்சியும் இல்லை.

அவை ஏன் நம் பொருட்களை எடுக்கின்றன? திருட்டுப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுப்பது போல் ஆகாதா?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. குறளி திருடாது. நீங்கள் கொடுத்ததைத்தான் எடுக்கும். "இல்லை" என்று நீங்கள் எதைச் சொன்னாலும் அது அவர்களுக்குச் சொந்தம். இது குறளிச் சட்டம்.

இந்தச் சட்டம் ஆயாவிடமிருந்து வந்தது. வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் "அரிசி இல்லை" என்று அவள் வாயிலிருந்து வரவே வராது. "அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கிட்டு வா" என்பாள். இல்லை என்ற சொல்லைச் சொன்னால் வீட்டில் இருப்பதும் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. தமிழ்நாட்டில் நிறைய வீடுகளில் இது உண்டு. "போய்விடும்னா யாரு ஆயா எடுத்துகினு போவாங்க?" என்று நான் கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. முப்பது வருடம் கழித்து நானே ஒரு பதில் எழுதிக்கொண்டேன்.

கதையில் முதல் காட்சி இது. கணக்கு மிஸ் வீட்டுப்பாடம் கேட்கிறார். தினேஷ் எழுதியிருக்கிறான், ஆனால் ஆறாவது கணக்கு தப்பு என்று அவனுக்கே தெரியும். அடிக்குப் பயந்து ஒரு பொய்.

"நோட்டு இல்ல மிஸ்."

"பையில பாத்தியா?"

"பாத்துட்டேன் மிஸ். இல்ல."

டெஸ்குக்கு அடியிலிருந்து ஒரு குரல், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி: "ரெண்டு தபா சொல்லிட்ட. செல்லுபடி." பை லேசாகிறது. உள்ளே கை விட்டால் நோட்டு நிஜமாகவே இல்லை. பதறிப்போய், "மிஸ், என் ஜாமெட்ரி பாக்ஸும் இல்ல!" என்று கத்துகிறான். "அதுவுமா? ரொம்ப தாராள மனசுப்பா உனக்கு" என்கிறது குரல். ஜாமெட்ரி பாக்ஸ் போகிறது. மிஸ் பக்கத்தில் வந்து, "என்னடா, அறிவு இருக்கா இல்லையா உனக்கு?" என்கிறார். தினேஷ் வாயைத் திறக்கிறான். செல்வி பாய்ந்து அவன் வாயைப் பொத்துகிறாள்.

இந்த இடத்தில் கடை வாசலில் ஒரு நாள்கூடச் சிரிப்பு வராமல் இருந்ததில்லை. இரண்டாம் வகுப்பு வாண்டு ஒன்று, "அண்ணா, அவன் இல்லன்னு சொல்லியிருந்தா மூளை போயிருக்குமா?" என்று கவலையோடு கேட்டது. போயிருக்கும் என்றேன்.

கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாதா?

முடியும். வருகைப் பதிவேட்டில் குறளியின் பெயரைச் சேர்த்து, வகுப்பு ஆசிரியர் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று அது எழுந்து நின்றே ஆகவேண்டும். நின்றால் எல்லார் கண்ணுக்கும் தெரியும், கையில் இருப்பதையும் கொடுத்துவிட வேண்டும். 'இல்லை'க்கு மாற்று மருந்து 'உள்ளேன்'.

சொல்வது சுலபம். முதலில் பெயர் தெரிய வேண்டும். குறளிகளுக்கு அவை சேர்க்கும் பொருள்தான் பெயர். பேனா மூடி சேர்ப்பது மூடி. ஒற்றைச் செருப்பு சேர்ப்பது ஒத்தச்செருப்பு. நாலணா கொஞ்சம் வயதானது. 25 காசு 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போனதை அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை, தான் பெரிய பணக்காரன் என்ற நினைப்பிலேயே திரிகிறது. பெயர் தெரிந்தாலும், பதிவேட்டில் 'ஒத்தச்செருப்பு' என்று எழுதியிருப்பதை எந்த ஆசிரியர் வாசிப்பார்? தலைமை ஆசிரியர் அதை வாசிக்கும் காட்சிக்காகத்தான் நான் மூன்றாம் அத்தியாயத்தை நான்கு தடவை திருத்தி எழுதினேன்.

இப்போது பல பள்ளிகளில் வருகையைச் செல்போன் செயலியில் தட்டிவிடுகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. குறளிகளுக்கு நல்ல காலம்.

குறளிக்கு ஜட்டி உண்டா?

இதுவரை அதிகத் தடவை கேட்கப்பட்ட கேள்வி இதுதான். உண்டு. மொட்டை மாடிக் கொடியிலிருந்து காணாமல் போனவை எல்லாம் எங்கே போயின என்று நினைத்தீர்கள்?

வீட்டுப்பாடம் செய்து கொடுக்குமா?

செய்யும். ஆனால் குறளிக்குக் கணக்கு அதன் வழியில்தான் வரும். "ஒரு கூடையில் 12 மாம்பழம், 5 அழுகிவிட்டது, மீதி எத்தனை?" என்று கேட்டால், "மீதி 12. அழுகியதும் மாம்பழந்தானே, தூக்கிப் போடுவானேன்" என்று எழுதிவைக்கும். அதைப் படித்த ஒரு கணக்கு ஆசிரியர் என்னிடம் வந்து, கேள்வி தப்பு, விடை சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

மந்திரத்தால் பிள்ளைகளுக்கு நேராக லாபம் வரக்கூடாது என்பதில் நான் பிடிவாதம். மந்திரம் வேலையைக் குறைத்தால் கதை படுத்துவிடும். வேலையை இரட்டிப்பாக்கினால்தான் சிரிப்பு. அஸ்லம் ஒரு தடவை பரீட்சையில் பக்கத்து பையன் விடையைப் பார்த்துச் சொல்லும்படி மூடியை அனுப்புகிறான். மூடி ஒழுங்காகப் போய், ஒழுங்காகப் பார்த்து, ஒழுங்காகத் திரும்பி வந்து சொல்கிறது: "அவன் உன்னைத்தான் பாத்துகினு கீறான்."

பாலாற்றுத் தண்ணீரையும் குறளிதான் எடுத்ததா?

எங்கள் ஊரைக் கிண்டல் செய்ய ஒரு பட்டியல் உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று போகும். இன்னும் சில உண்டு, பெண்களைப் பற்றி ஒன்று வரும். அதை எழுதமாட்டேன், பொய். பட்டியல் முழுக்க 'இல்லை'. ஊரே சேர்ந்து தலைமுறை தலைமுறையாக இத்தனை தடவை இல்லை, இல்லை என்று சொன்னால் குறளிகள் வேறு எங்கே போய்க் குடியேறும்? அதனால்தான் கதை வேலூரில் நடக்கிறது. யாராவது, "ஏன் சார், காடு, பனி, அரண்மனை என்று வைத்திருக்கலாமே" என்றால் இதுதான் பதில். குண்டும் குழியுமான மொட்டைப் பாறை மலை ஒன்று வீட்டுக்குப் பின்னால் இருக்கும்போது பனிக்கு எங்கே போவேன்?

ஆனால் ஆற்றின் பழியைக் குறளி தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. முதலில் எழுதிய நோட்டில் கட்டியிருந்தேன், அடித்துவிட்டேன். பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரம் வழியாக வந்து, வயலூரில் கடலில் சேர்கிறது. வழியில் ஏரிகளும் தடுப்பணைகளும் தண்ணீரை நிறுத்திக்கொள்கின்றன. தண்ணீர்ப் பங்கீடு பற்றி 1892-லேயே மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. இங்கே நாம் நம் பங்குக்கு மணலை அள்ளினோம், தோல் தொழிற்சாலைக் கழிவை விட்டோம். இது மனிதர்கள் செய்தது. நாலணாவிடம் செல்வி இதையே கேட்கும்போது அதற்குக் கோபம் வந்துவிடுகிறது. "ரப்பர் எட்த்தோம், ஒத்துக்கிறோம். ஆத்த எட்த்துகினு போயி எங்க வைக்கிறது?"

குறளிகள் ஆற்று மணலுக்கு அடியில் குடியிருக்கின்றன. பாலாறு மேலே காய்ந்தாலும் அடியில் ஓடும். மணலைத் தோண்டினால் ஊற்று வரும், அதில் சொம்பால் மொண்டு குடித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனபோது பாலத்து மேல் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. என் கடைக்கு வரும் பையன் ஒருவன், "ஆத்துக்குள்ள தண்ணி பூந்துடுச்சிண்ணா!" என்று ஓடிவந்து சொன்னான். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி. அவன் பிறந்ததிலிருந்து பார்த்தது மணல்தான். அந்த வரியை அப்படியே ஒத்தச்செருப்பின் வாயில் வைத்துவிட்டேன். அதற்குத்தான் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது.

கோட்டை வருகிறதா? அகழியில் முதலை உண்டா?

கோட்டை வராமல் வேலூர்க் கதையா? 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரக் காலத்தில் கட்டிய கோட்டை, சுற்றிலும் அகழி. அந்தக் காலத்தில் அகழியில் பத்தாயிரம் முதலை விட்டிருந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அவ்வளவு முதலைக்குத் தினமும் சோறு போட்டது யார் என்று செல்வி கேட்கிறாள். நாலணா, "எங்க தாத்தா" என்று அளந்துவிடுகிறது. கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் வரை சுரங்கம் உண்டு என்பதும் அந்த மாதிரிப் பேச்சுதான், ஆனால் கதைக்கு ரொம்ப வசதி. டிக்கெட் எடுக்காமல் போய் வரலாம்.

கோயில் விஷயத்தில் விளையாடவில்லை. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நூற்றாண்டுக் கணக்கில் பூசை கிடையாது; லிங்கம் எங்கள் சத்துவாச்சாரியில் இருந்தது, 1981-ல்தான் கோட்டைக்குத் திரும்பியது. ஆக, கிண்டல் பட்டியலில் ஒன்று செல்லாமல் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பவர்களைக் கண்டால் குறளிக்குச் சிரிப்பு வரும். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியையும் தொடவில்லை. அத்தனை பேர் செத்த ராத்திரியில் எனக்குக் குறும்பு எழுத வராது.

விரிஞ்சிபுரத்தில் என்ன செய்கின்றன?

மார்க்கபந்தீசுவரர் கோயில் வெளிப்பிராகாரத்தில் ஒரு நேரம் காட்டும் கல் இருக்கிறது. அரைவட்டமாகச் செதுக்கி எண் போட்டிருக்கும். பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் மணி காட்டும். பள்ளியிலிருந்து சுற்றுலா போகிறார்கள். ஒத்தச்செருப்பு குச்சிக்குப் பக்கத்தில் போய் உட்கார, அதன் தொந்தி நிழல் நாலு மணிக்கு மேல் விழுகிறது. "நாலாயிடுச்சு, கிளம்புங்க" என்கிறார் பி.டி. சார். மணி பத்தரை. அவர் கையில் வாட்ச் இருக்கிறது. ஆனால் வரும்போது பஸ்ஸில் ஒரு பையன் மணி கேட்டதற்கு, சோம்பலில், "வாட்ச் இல்லடா" என்று சொல்லித் தொலைத்திருந்தார்.

ராத்திரி பயந்து தூங்கமாட்டேன் என்கிறான். பிள்ளைகளுக்குப் பேய் பிசாசுக் கதை தேவையா?

எந்தப் பக்கம் பயந்தான் என்று கேட்டு வந்து சொல்லுங்கள், திருத்துகிறேன். நிஜமாகச் சொல்கிறேன். ஒரு பெண் குழந்தைக்காகக் குறளி கட்டிலுக்கு அடியில் போகவே போகாது என்று ஒரு வரி சேர்த்தேன். கட்டிலுக்கு அடியில் தூசி. அதற்குத் தும்மல் வரும்.

நம் வீடுகளில் பூச்சாண்டி வருகிறான், பிடித்துக்கொள்வான் என்று சோறு ஊட்டிய அதே வாய்தான் பேய்க் கதை கூடாது என்கிறது. ஒரு பள்ளியில் கதை சொல்லக் கூப்பிட்டு, தலைப்பைக் கேட்டதும், வேண்டாம், நீதிக் கதை ஏதாவது சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். போய்க்கொண்டிருந்தபோது வகுப்பு ஜன்னலிலிருந்து ஒரு குரல்: "அண்ணா, மூடி எப்படிகீது?" நன்றாக இருக்கிறது என்று கையசைத்தேன்.

பேயை வைத்துச் சிரிப்பது தமிழில் புதிதும் அல்ல. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் போர்க்களத்தில் பேய்களைக் கூழ் காய்ச்ச விடுகிறார். காய்ச்சுவதற்கு முன்னால் ஒரு பேய் மற்றப் பேய்களுக்கு உத்தரவு போடும்: விழுந்துகிடக்கும் யானைத் தந்தத்தால் பல் விளக்குங்கள், விலா எலும்பால் நாக்கு வழியுங்கள் என்று. ரத்தக் களத்தில் நின்றுகொண்டு, பல் விளக்காமல் சாப்பிடக்கூடாதாம்! எந்த வீட்டு அம்மாவும் சொல்வது. குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று வகைவகையாக வந்து கூழுக்கு நிற்கும். தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்னால் எழுதியது. எனக்கு ஆடி மாதக் கூழ் ஊற்றும் காட்சி எழுத வேண்டியிருந்தபோது வேறு எங்கும் தேடவில்லை. அம்மன் கோயில் வாசலில் குறளிகள் சொம்போடு வரிசையில் நிற்க, செல்வியின் ஆயா கரண்டியை ஓங்கி, "பல்லு வெளக்கினியா?" என்கிறாள். ஆயாவுக்கு மட்டும் ஏன் குறளி தெரிகிறது என்று யாரும் கேட்பதில்லை. அவள் வாழ்நாளில் "இல்லை" என்று சொன்னதே கிடையாது. அவளிடம் மறைக்க அவற்றிடம் ஒன்றும் இல்லை.

குறளிகள் ஏன் 'இன்னா', 'கீது' என்று பேசுகின்றன? பிள்ளைகள் தமிழ் கெட்டுவிடாதா?

வடாற்காட்டு மண்ணுக்கு அடியில் குடியிருப்பவை வேறு எப்படிப் பேசும்? 1989-ல் மாவட்டத்தைப் பிரித்தார்கள், 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடி பிரித்தார்கள். 'கீது' மூன்றிலும் கீது. அஸ்லம் வீட்டில் உருது, தெருவில் இந்தத் தமிழ், வகுப்பில் புத்தகத் தமிழ். மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றுவான். கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

ஆனால் கேட்டவர்களுக்காக நான்காவதாக ஒரு குறளியைச் சேர்த்திருக்கிறேன். பெயர் சாக்பீஸ். எட்டாம் வகுப்புத் தமிழ் வகுப்பறைக்கு அடியிலேயே பிறந்து வளர்ந்ததால் அதற்கு வேறு பேச்சே தெரியாது. "அன்புடையீர், தங்கள் எழுதுகோலைக் கவர்ந்து செல்ல இசைவு தருவீரா?" என்று கேட்டு நிற்கும். கேட்டவன் சிரித்து முடிப்பதற்குள் பேனா போய்விடும். இதுவரை எல்லாக் குறளிகளிலும் அதிகமாகச் சேர்த்தது சாக்பீஸ்தான். மரியாதை அவ்வளவு வேலை செய்கிறது.

உங்களுக்கு ரொம்பப் பிடித்த அத்தியாயம் எது?

படுகளம். எங்கள் பக்கத்து ஊர்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதம் படிப்பு, ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து. கடைசி நாள் திறந்த வெளியில் துரியோதனனை மண்ணால் செய்து படுக்க வைத்திருப்பார்கள். சின்னப் பொம்மை இல்லை. மேலே ஏறி நடக்கலாம், அவ்வளவு பெரியது. மீசை, கிரீடம், விழித்த கண். பீமன் வேஷக்காரர் கதையோடு சுற்றி வந்து தொடையில் அடித்து உயிரைப் போக்க வேண்டும். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சில பெண்கள் அழுவார்கள்.

நாலணா தூங்க இடம் தேடி, முதல் நாள் ராத்திரியே துரியோதனன் மூக்குக்குள் புகுந்துவிட்டது. மண் ஈரம், குளுகுளுவென்று இருக்கிறது. விடிந்து, வெயில் ஏறி, மண் காய்ந்து, தூசி பறக்கிறது. பீமன் கதையை ஓங்குகிறார். மத்தளம் உச்சத்தில். அப்போது செத்துக்கொண்டிருக்கும் துரியோதனன் தும்முகிறான்.

பீமன் கதையைக் கீழே போடுகிறார். கூட்டம் இரண்டடி பின்வாங்குகிறது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கூத்தில் இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே ஒருவர் உண்டு, கட்டியங்காரன். ராஜாவையும் கிண்டல் செய்வார், முன்வரிசையில் தூங்குகிற ஊர்ப் பெரியவரையும் கிண்டல் செய்வார், நாடகம் எங்கே நொண்டினாலும் தோள் கொடுப்பார். அவர் மெதுவாகப் போய், மண் மூக்குக்குப் பக்கத்தில் குந்தி, "நூறு வயசு நைனா!" என்கிறார். கூட்டம் வெடிக்கிறது. பீமன் சிரிப்பை அடக்கமுடியாமல் கதையைத் தேடுகிறார், கதை இல்லை. "பீமன் கையில கதையே இல்ல பாரு" என்று பின்வரிசையில் யாரோ சொல்லிவிட்டார்கள், ஒத்தச்செருப்பு அங்கேதான் நின்றிருந்தது.

கட்டியங்காரர் அன்றைக்கு மூக்கின் ஓட்டையில் ஒரு பானை வயிறு நிழலைப் பார்த்தார் என்றும், யாரிடமும் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறேன்.

சத்துணவு முட்டை கணக்கில் குறைந்தால் குறளி என்று சொல்லலாமா?

கூடாது. கதை கதையோடு. குறைந்தால் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். மனு எழுத வெள்ளைத்தாள் என்னிடம் கிடைக்கும், ஒரு ரூபாய்.

பெரியவர்களால் குறளியைப் பார்க்க முடியுமா? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

கடையில் மூடி இல்லாத பேனா ஒரு டப்பா நிறையச் சேர்ந்திருக்கிறது. கம்பெனியிலிருந்து மூடியோடுதான் வருகின்றன. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

அடுத்த பாகம் எப்போது? நோட்டு முடிந்துவிட்டதா?

போன வாரம் ஒரு பெண் வந்து, "அண்ணா, ரெண்டாவது நோட்டு கீதா?" என்றது. ஒரு பக்கம்கூட எழுதியிருக்கவில்லை. வாய் வரைக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ரீஃபில் அடுக்குக்கு அருகில், ஏதோ அசைந்த மாதிரி இருந்தது.

"நிறைஞ்சிருக்கும்மா" என்றேன். "வியாழக்கிழமை வா."